சிக்கை எடுத்துத் துணுக்கை விட்டுப்போகும் கற்றாழை

நெடுங்காலமாகக் கற்றாழையைத் தலைமுடிக்குப் பயன்படுத்தி வருகிறேன் என்பதை அறிந்த தோழி ஒருத்தி, அதைப் போட்டால் முடி கொட்டுவது நிற்குமா என்று அண்மையில் கேட்டாள். நிற்காது என்று ஒரே சொல்லில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த ஒரு சொல் கற்றாழைக்கு நியாயம் செய்ததாக ஆகாது. எல்லோரும் அதனிடம் எதிர்பார்க்கும் வேலையைச் செய்யாத இந்தச் செடி, யாரும் எதிர்பார்க்காத வேறொரு வேலையை மிகச் செம்மையாகச் செய்கிறது. அந்த வேலையை முடித்த கையோடு தலை முழுவதும் அது விட்டுச்செல்லும் துணுக்குகளைப் பற்றி எவரும் முன்கூட்டி எச்சரிப்பதில்லை என்பதில் எனக்குத் தீராத எரிச்சலும் உண்டு. மடலைப் பிளப்பது, சோற்றை வழிப்பது, தலையில் தடவி அலசுவது என்ற செய்முறை அனைவருக்கும் தெரிந்ததே. நீண்ட நாள் புழக்கத்தில் மட்டுமே தெரியவரும் சிலவற்றை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். என் முடி அடர்த்தியானது, அலையலையானது. தலைக்குக் குளித்தால் பிடரிப் பக்கம் சிக்குப் பிடித்துக்கொள்ளும். நன்றாக வடிகட்டிய கற்றாழைச் சோற்றை, பகுதி பகுதியாகப் பிரித்த ஈர முடியில் நடுவிலிருந்து நுனிவரை தடவிவிட்டு, அகலப் பல் சீப்பை முதலில் நுனியில் வைத்து, பிறகு சிறிது சிறிதாக மேலே ஏறி வாரினால், இறுகிய முடிச்சுகள் அறுபடாமல் ஒன்றையொன்று வழுக்கிக்கொண்டு விலகுவதை விரல்களிலேயே உணரலாம். சீப்பு எங்கும் நின்று இழுப்பதில்லை. சோற்றில் ஏறத்தாழ 99 சதவீதம் நீர்தான் என்றாலும், எஞ்சிய சொற்பப் பகுதியில் அசெமன்னன் உள்ளிட்ட நீண்ட சங்கிலிச் சர்க்கரைகள் இருக்கின்றன. நீரை வழவழப்பாக்கி, ஒவ்வொரு முடியின் மேலும் மெல்லிய படலமாகப் படிந்து, முடிக்கும் முடிக்கும் இடையிலான உராய்வைக் குறைப்பவை அவையே. சோறு இயல்பிலேயே இலேசான அமிலத்தன்மை கொண்டது என்பதும் முடிக்குச் சாதகம்தான்; சமையல் சோடாவைப் போன்ற காரப்பொருள்கள் முடியின் மேற்புறச் செதில்களை விரியச் செய்வதுபோல் இது செய்வதில்லை. இந்த வழவழப்பு அடுத்த முறை அலசும்வரைதான் நிலைக்கும். ஆயினும் சிக்கெடுக்கும் அந்த நேரத்துக்கு அதுவே போதுமானது.

கற்றாழை முடியை வளர்க்கிறது என்ற நம்பிக்கை எங்கிருந்து வந்திருக்கும் என்பதை இந்த வழவழப்பைக் கொண்டே ஓரளவு விளக்கிவிடலாம் என்று நினைக்கிறேன். சீப்பு இழுக்காதபோது முடி நடுவில் அறுபடுவது குறைகிறது. சீப்பில் சேரும் முடியும் அதனால் குறைகிறது. கொட்டுவதே நின்றுவிட்டது என்று மனம் முடிவு கட்டிவிடுகிறது. உண்மையில் அறுந்த முடி வேறு, உதிர்ந்த முடி வேறு. சீப்பிலிருந்து ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒரு முனையில் கடுகைவிடச் சிறிய வெண்மையான குமிழ் இருந்தால், அது தன் காலம் முடிந்து வேரிலிருந்து கழன்ற முடி. இரு முனைகளும் குமிழின்றி, நீளமும் குறைந்து இருந்தால், அது இடையில் அறுந்தது. கற்றாழையால் இரண்டாவது வகையைக் குறைக்க முடியும். முதல் வகையோடு அதற்கு எந்தத் தொடர்பும் இல்லை. நாளொன்றுக்கு 50 முதல் 100 முடிவரை உதிர்வது இயல்பு. அதைவிட மிகுதியாகக் குமிழோடு கூடிய முடிகள் கொட்டினால், இரும்புச்சத்துக் குறைவு, தைராய்டுக் கோளாறு, இரண்டு மூன்று மாதங்களுக்கு முன் வந்துபோன கடுங்காய்ச்சல், மகப்பேறு என்று காரணங்களை உடலுக்குள் தேட வேண்டும். அதற்குத் தோல் மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும், தொட்டிச் செடியை அல்ல. தோழிக்கும் இதைத்தான் சொன்னேன்.

கற்றாழையின் வேதியியல் அமைப்பு முடியில் உள்ள கெரட்டினை ஒத்தது, ஆகவே அது முடிக்கு நேரடியாக ஊட்டமளிக்கிறது என்றொரு வாசகம் விளம்பரத்துக்கு விளம்பரம் தாவிக்கொண்டே இருக்கிறது. கெரட்டின் ஒரு புரதம். கற்றாழைச் சோறோ நீரும் சர்க்கரைச் சங்கிலிகளும். இவ்விரண்டையும் ஒத்தவை என்று எழுதுபவர்களுக்குப் புரதம் எது, சர்க்கரை எது என்ற பாகுபாடு ஒரு பொருட்டே இல்லை போலும். தோலுக்கு வெளியே வந்துவிட்ட முடி உயிரற்றது. உண்டு செரிக்க அதற்கு வாயும் இல்லை, வயிறும் இல்லை. வெளியிலிருந்து அதன்மேல் படியவைக்கலாம், மென்மையாக்கலாம், ஈரத்தைக் காக்கலாம், ஊட்டமுடியாது.

உச்சந்தலையைப் பொறுத்தவரை பேச்சு சற்று வேறு. பொடுகோடு தொடர்புடைய செபோரிக் தோல் அழற்சிக்கு 30 சதவீதக் கற்றாழைக் குழம்பை, அதாவது களிம்புபோல் தோலில் பூசும் கலவையை, தடவிப் பார்த்த சிறிய ஆய்வொன்று 1999ஆம் ஆண்டு வெளியானது. கலந்துகொண்டவர்கள் 44 பேர். வெறும் குழம்பைத் தடவியவர்களைவிடக் கற்றாழைக் குழம்பைத் தடவியவர்களுக்கு அரிப்பும் செதிலும் கணிசமாகக் குறைந்தன. ஆனால் அது பதப்படுத்தித் தயாரித்த குழம்பு; நாளுக்கு இருமுறை, வாரக்கணக்கில் தடவப்பட்டது. நாம் நினைத்தபோது ஒருநாள் மிக்சியில் அடித்துப் பூசிக்கொள்வதற்கு அந்த முடிவை அப்படியே பொருத்திக்கொள்ள இயலாது. பூசிய சிறிது நேரத்துக்கு மண்டை குளிர்ந்து அரிப்பு அடங்குவது உண்மை. அதற்கு மேல் நான் எதையும் கண்டதில்லை.

இனி என் எரிச்சலுக்கு வருகிறேன். சோறு பார்ப்பதற்குக் கண்ணாடிபோல் தெளிவாக இருந்தாலும், அது முழுக்க முழுக்கத் திரவம் அன்று. பெரிய பெரிய செல்களின் மெல்லிய சுவர்களுக்குள் திரவம் அடைபட்டிருக்கும் திசு. மிக்சியில் அடித்தால் திரவம் வெளியே வருகிறது, ஆனால் சுவர்கள் கரைந்து மறைந்துவிடுவதில்லை. பொடிப்பொடியாக நொறுங்கி அதிலேயே மிதக்கின்றன. அடித்த கலவை ஒரு முழத்துக்கு நுரைத்து நிற்பதால் அந்தப் பொடிகள் கண்ணுக்கும் தெரிவதில்லை. தலையில் பூசி, எவ்வளவு கவனமாக அலசினாலும், முடி உலர்ந்தபின் வகிட்டோரத்திலும் காதுக்குப் பின்னாலும் அவை வெண்ணிறச் செதில்களாகத் தலைகாட்டும். கறுப்பு உடை அணிந்த நாளில் தோளில் உதிரும். பார்ப்பவர்கள் பொடுகு என்றே நினைப்பார்கள். பொடுகைப் போக்கப் பூசிய பொருள் பொடுகு வந்ததுபோல் காட்டிவிடும் இந்த அநியாயத்தை நான் எங்கே போய் முறையிடுவது?

தேநீர் வடிகட்டி இதற்குப் பயன்படாது. பொடிகள் அதன் கண்களில் தாராளமாக நுழைந்து வெளியேறும். நெருக்கமாக நெய்த மெல்லிய பருத்தித் துணிதான் வேண்டும். ஆனால் அடித்த உடனே துணியில் ஊற்றினால், கோழைபோல் இழுபடும் சோறு துணியிலிருந்து இறங்க மறுக்கும். மூட்டையாகக் கட்டிப் பிழிய முற்பட்டால் மூட்டையே கையிலிருந்து நழுவும். பலமாகப் பிழிந்தாலோ, தவிர்க்க நினைத்த பொடிகளே துணியின் இழைகளுக்கிடையில் பிதுங்கி வரும். கலவையைக் குளிர்சாதனப் பெட்டியில் சில மணி நேரம் வைத்திருந்தால் நுரை அடங்கி, சோறு நீர்த்து, தானாகவே வடிந்துவிடுகிறது. ஆனால் எந்தச் சர்க்கரைச் சங்கிலிகள் வழவழப்பைத் தருகின்றனவோ, அவை சிதையச் சிதையத்தான் சோறு நீர்க்கிறது. ஆக, எளிதாக வடியும் சோறு சிக்கெடுக்கப் போதாது. சிக்கெடுக்க ஏற்ற சோறு எளிதில் வடியாது. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு பொருத்தமான நேரம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அது மடலுக்கு மடல் மாறுகிறது. வடிகட்டியதையும் தடிமனாகப் பூசி அப்படியே உலரவிட்டால், படலம் விறைத்து, வெடித்து, மறுபடியும் செதிலாக உதிரும். ஆகவே தலை உலரத் தொடங்குவதற்கு முன்பே அலசிவிட வேண்டும். எண்ணெய் வைத்ததுபோல் இரவு முழுவதும் விட்டுவைக்கும் பேச்சுக்கே இடமில்லை.

மடலை வெட்டினால் வடியும் மஞ்சள் நிறப் பாலைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டதால் சுருக்கமாகச் சொல்கிறேன். தோலுக்கு அடியிலேயே ஓடும் அந்தப் பாலில் உள்ள அலோயின் என்ற கசப்புப் பொருள் சிலருக்கு அரிப்பையும் சிவப்பையும் உண்டாக்கும். அதன் நெடியும் வியர்வை நாற்றத்தை நினைவூட்டும். வெட்டிய முனை கீழே இருக்கும்படி மடலை நிறுத்திவைத்து வடியவிட வேண்டும். ஒட்டியிருக்கும் கடைசிச் சோற்றையும் விடக்கூடாது என்று தோலைக் கத்தியால் சுரண்டுவதுதான் பலர் வீட்டில் அரிப்புக்குக் காரணமாக இருக்கும். சுரண்டச் சுரண்ட மஞ்சள்தான் வரும். முதன்முறையாகப் பயன்படுத்துபவர்கள் முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி ஒரு நாள் பொறுத்துப் பார்ப்பது நல்லது. வெங்காயம், பூண்டு ஒவ்வாதவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும்.

எடுத்த சோறு நாள்படத் தாங்காது. காற்றுப்பட்டதும் இளஞ்சிவப்பாகி, பிறகு பழுப்பேறி, சில நாட்களில் கெட்டுவிடும். சிறு கட்டிகளாக உறையவைத்தால் தாங்கும். உருகியபின் வழவழப்பு பாதிதான் இருக்கும். எண்ணெயில் போட்டுக் காய்ச்சுவதை மட்டும் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. சோற்றின் சர்க்கரைகள் எண்ணெயில் கரைவதில்லை. நீர் ஆவியாகிப் போனபின் அடியில் கருகிய சக்கையும், மேலே பெரும்பாலும் வெறும் எண்ணெயும்தான் மிஞ்சுகின்றன. கடைகளில் கிடைக்கும் பச்சை நிற ஜெல்லைப் பற்றியும் ஒரு சொல்: சோற்றுக்கு நிறமே கிடையாது, பச்சை என்பது சாயம். அதன் அட்டையில் உள்ள 99 சதவீதம், பெரும்பாலும் உலர்ந்த பொடியை நீரில் கரைத்துச் சொல்லும் கணக்கு. ஆயினும் அதில் துணுக்கு இருப்பதில்லை என்பதை வயிற்றெரிச்சலோடு ஒப்புக்கொள்கிறேன்.

சுருள்முடியோ அலைமுடியோ உடையவர்கள், சிக்கெடுக்கும்போதே பாதி முடியை அறுத்துக்கொள்பவர்கள், வீட்டில் செடி வைத்திருப்பவர்கள் ஆகியோர் தாராளமாகச் செய்து பார்க்கலாம். இதற்கு நிகரான வழவழப்பை வேறொரு செடியிலிருந்து நான் பெற்றதில்லை. மெல்லிய, நேரான முடி உடையவர்களுக்கு இது பிசுபிசுப்பையே தரும்; அவர்கள் தவிர்த்துவிடலாம். நான் முதல் வகையைச் சேர்ந்தவள். பலன் எனக்குத் தெரியும், மடல்களும் முற்றி வெட்டுவதற்குத் தயாராக நிற்கின்றன. ஆனால் மிக்சியைக் கழுவி, துணியை அலசி, குளியலறை வடிகாலில் சேர்ந்த சக்கையை எடுத்து, மறுநாள் தோளில் விழும் செதிலையும் தட்டிக்கொண்டிருக்க இந்த மாதம் எனக்குப் பொறுமை இல்லை. புட்டியில் இருக்கும் கண்டிஷனரே போதும்.