குறைமாதக் குழந்தைகளுக்கான ஊதா மூடிக் குழாய்

ரத்த அணுக்களை எண்ணுவதற்கு ரத்தம் பிடிக்கும் அரை மில்லி குழாய்; உள்ளே ரத்தம் உறையாமல் தடுக்கும் ஈ.டி.டி.ஏ. மருந்து. ஒரு கிலோ குழந்தையின் உடம்பில் மொத்தமே சுமார் 90 மில்லி ரத்தம்தான். அதற்கு இதுவே தோதான அளவு. ரத்தம் 250 மைக்ரோலிட்டர் (கால் மில்லி) கோட்டுக்குக் கீழே நின்றால் மருந்து மிஞ்சி அணுக்கள் சுருங்கும். ரத்தம் எடுக்கக் குத்திய குதிகாலைப் பிழிந்தால் திசுநீர் கலக்கும், அணுக்கள் உடையும். முதல் சொட்டைத் துடைத்துவிட்டுப் பிடித்து, மூடி, உடனே 10 முறை மெதுவாகக் கவிழ்க்க வேண்டும். பலரும் கோட்டைவிடுவது இங்கேதான்: நுண்கட்டி விழுந்து தட்டணு 40,000 என்று பொய்யாகக் குறைந்து வரும், ஸ்மியரில் (கண்ணாடியில் தடவிய ரத்தத்தில்) கொத்துக்கொத்தாக ஒட்டியிருக்கும். மூடி இறுக்கம், கையுறையோடு திறக்க எரிச்சல்.

குழாய் எவ்வளவு நன்றாக இருந்தாலும், பிறந்தவுடன் எடுத்த ரத்த அணு எண்ணிக்கையை வைத்துத் தொற்று இல்லை என்று சொல்லிவிட முடியாது. 6 முதல் 12 மணி நேரம் கழித்து எடுப்பதே மேல். உட்கருவுள்ள சிவப்பணுக்களைச் சில இயந்திரங்கள் வெள்ளையணுவாக எண்ணிவிடும். அவற்றைக் கழித்துத் திருத்திய எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.