உறைக்கு உறை காசு மாற்றுவது: வங்கிக்குள் பிரிப்பதா, தனிப்பக்கத்தில் எழுதுவதா?

கிளிநொச்சியில் இரணைமடுக் குளத்தின் கீழ் எங்களுக்கு இரண்டு ஏக்கர் வயல். காலபோகத்தில், அதாவது பெருமழைக்காலப் போகத்தில், நெல் விற்ற காசு ஒரே நாளில் கைக்கு வரும். அடுத்து வரும் சிறுபோகமோ குளத்து நீரையும் கிடைக்கும் பங்கையும் பொறுத்தது. அதனால் உழவு, உரம், வெட்டுக்கூலி, பள்ளிக்கூடம், மருந்து, வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் என்று உறை பிரித்தே குடும்பம் நடத்துகிறோம். கடதாசி உறையில் காசைப் போடுவது எளிது, ஆனால் காசு வங்கியில் கிடக்கும்போது அது உதவாது. ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலையும் இரு பக்கமும் சமமாக எழுதும் இரட்டைப் பதிவுக் கணக்கில் இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒவ்வொன்றையும் ஓர் ஆண்டு எழுதிப் பார்த்தபின் இரண்டாவதில் நின்றுவிட்டேன்.

முதல் வழி, வங்கிக் கணக்கையே துண்டாக்குவது: வங்கி–உரம், வங்கி–பள்ளிக்கூடம் என்று. பள்ளிக்கூடக் காசை உரத்துக்கு மாற்ற வங்கி–உரம் வரவு (debit), வங்கி–பள்ளிக்கூடம் செலவு (credit). இரண்டு வரிகளில் வேலை முடியும். ஒரே வங்கிக் கணக்கு வைத்திருப்பவருக்கு இது போதும்.

இரண்டாவது வழியில் வங்கியைத் தொடுவதில்லை. உறைகள் உரிமையாண்மைப் (equity, கடன் போக நமக்குச் சொந்தமானது) பக்கத்தில், இன்னும் எந்த உறைக்கும் போகாத காசைக் காட்டும் 'ஒதுக்காதது' என்ற கணக்கிலிருந்து பிரிந்து நிற்கும். இந்தப் பக்கத்தில் வரவு குறைக்கும், செலவு கூட்டும் என்பதால் திசை தலைகீழ்: பள்ளிக்கூட உறை வரவு, உர உறை செலவு. முதல் மாதம் முழுவதும் இதைப் பிழையாகவே எழுதினேன். உரம் வாங்கும்போது உரச்செலவு வரவு, வங்கி செலவு. கூடவே உர உறை வரவு, ஒதுக்காதது செலவு. நான்கு வரிகள் வேண்டும். லெட்ஜர் (Ledger) என்ற கணக்கு மென்பொருளில் எழுதுபவர்கள் உறை வரிகளைச் சதுர அடைப்புக்குள் இட்டு, உண்மையான கணக்குகளிலிருந்து பிரித்துக் காட்டக்கூடிய மெய்நிகர்ப் பதிவாக வைக்கலாம். சதுர அடைப்பு வரிகள் சமப்பட்டே ஆகவேண்டும், வளைந்த அடைப்புக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அதுபோன்ற இன்னொரு மென்பொருளான பீன்கவுண்டில் (Beancount) மெய்நிகர்ப் பதிவே கிடையாது.

நான்கு வரிகள் எழுதும் சலிப்பைத் தாண்டி என்னை இந்தப் பக்கம் இழுத்தது மாதமுடிவில் வங்கிப் புத்தகத்தோடு ஒத்துப்பார்க்கும் வேலைதான். எங்களிடம் இரண்டு வங்கிக் கணக்குகளும் அலுமாரிக் காசும் உண்டு. முதல் வழியில் ஆறு உறைகளை மூன்று இடங்களிலும் வைத்தால் பதினெட்டுக் கணக்குகள். ஒருமுறை வெட்டுக்கு முன் மழை வந்து வயல் சேறாகி, இயந்திரம் அதிக நேரம் நின்று ஓடியதால் கூலி ஏறியது. பள்ளிக்கூட உறையில் 12,000 ரூபாய் எடுக்க நினைத்தேன். அதில் பாதி அலுமாரியில், பாதி வங்கியில். காசு எதற்கு என்ற கேள்வியோடு, எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கும் சேர்த்து விடை சொல்ல வேண்டியிருந்தது. உண்மையில் நகராத காசுக்கு நான் எழுதிய மாற்றங்கள் வங்கிப் புத்தகத்தில் இல்லை. 3,500 ரூபாய் வித்தியாசத்தைத் தேடி இரண்டு இரவுகள் போயின.

இப்போது வங்கிக் கணக்கு வங்கிப் புத்தகத்தின் நகல். உரச்செலவு போன்ற செலவுக் கணக்குகளின் தொகையை ஒதுக்காததில் கழித்து அவற்றை அடைத்துவிட்டால், உறைகளும் ஒதுக்காததும் சேர்ந்த தொகை வங்கியும் கைக்காசும் சேர்ந்த தொகையோடு பொருந்தும். பொருந்தாவிட்டால் பிழை எந்தப் பக்கம் என்று உடனே தெரிகிறது.

கடன் உள்ள வீட்டில் இந்தச் சமன் இவ்வளவு நேராக வராது. கடனையும் கழித்துப் பார்க்க வேண்டும். உரத்தைக் கடனுக்கு எடுத்துச் சூடடித்தபின் கொடுத்தது எங்களுக்கு ஒரு போகம் மட்டும்தான், ஆகவே அதில் உறுதியாகப் பேச எனக்கு அனுபவம் போதாது.

மாற்றம் ஒவ்வொன்றின் அருகிலும் காரணத்தை ஒரு சொல்லில் எழுதுகிறேன்: 'சேறு', 'காய்ச்சல்', 'உரவிலை'. 2021இல் இரசாயன உர இறக்குமதி தடைப்பட்டு, பிறகு விலை ஏறியபோது இப்படி எழுதியிருந்தால் எவ்வளவு உதவியிருக்கும் என்று இன்றும் நினைக்கிறேன். சென்ற காலபோகப் பக்கத்தைப் புரட்டியபோது பள்ளிக்கூட உறையிலிருந்து ஐந்து முறை வயலுக்குக் காசு போயிருந்தது. மூன்றின் அருகில் 'சேறு' என்று இருந்தது. இந்தமுறை நெல் விற்ற அன்றே வெட்டுக்கூலி உறையில் 15,000 ரூபாய் கூட்டி வைத்திருக்கிறேன்.