பாலத்துக்கு இரண்டு தூக்கு: டெல்டா சாலைக்கு எந்த சஸ்பென்ஷன்?

நீடாமங்கலத்திலிருந்து மன்னார்குடி போகும் வழியில் எத்தனை பாலம், எத்தனை மதகு என்று நான் எண்ணியதில்லை. பின் சீட்டில் உட்காரும் அம்மாவின் இடுப்பு எண்ணி வைத்திருக்கிறது. ஏறும்போது ஒரு தூக்கு, இறங்கும்போது ஒரு தூக்கு. ஒருநாள் கல்யாணத்துக்குப் போய்த் திரும்பும்போது, "வண்டியை வித்துட்டு ஒரு மாட்டு வண்டி வாங்குடா" என்றார். அதற்கப்புறம்தான் சஸ்பென்ஷனை, அதாவது சக்கரத்துக்கும் வண்டிக்கும் நடுவே குலுக்கலை வாங்கிக்கொள்ளும் ஸ்பிரிங்கையும் ஷாக் அப்சார்பரையும், மாற்றும் யோசனையே வந்தது.

வண்டி 2013 மாருதி டிசையர் கார். 92,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. என்ன போடலாம் என்று கேட்கப் போனால் நாலு பேர் நாலு விதமாகச் சொன்னார்கள். கும்பகோணத்தில் ஒரு கடையில் ஸ்பிரிங்குக்கு நடுவே ரப்பர் வளையம். திருச்சியில் ஒரு கடையில் இறக்குமதி ஷாக் அப்சார்பர். அக்கா பையன் ஸ்பிரிங்கை மாற்றி வண்டியைத் தாழ்த்தச் சொன்னான். எங்கள் ஊர் மெக்கானிக் மட்டும், "முதல்ல கழட்டிப் பார்ப்போம் தம்பி" என்றார்.

எதைப் போடுவது என்பதற்கு முன்னால் இந்தச் சாலை என்ன செய்கிறது என்று பார்த்துவிட வேண்டும். பாலம் ஆழமான அஸ்திவாரத்தில் நிற்கிறது, அசையாது. அதை ஒட்டி மண் கொட்டி மேடாக்கிய சாலையோ களிமண்மேல் உட்கார்ந்திருக்கிறது, நாளாக நாளாக இறங்கும். இரண்டும் சேரும் இடத்தில் ஒரு படி விழுந்துவிடுகிறது. தார் போட்டு நிரவினாலும் சில வருஷத்தில் அதே படி. போதாததற்கு இந்த மண் கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும், தண்ணீர் வந்ததும் ஊறி உப்பும். வாய்க்கால் கரைச் சாலைகள் ஒரு பக்கமாகச் சரிந்து அலை அலையாகக் கிடப்பதற்கு அது ஒரு காரணம். ஆக நமக்கு இரண்டு விதமான அடி: பாலத்து வாயிலும் வேகத்தடையிலும் விழும் வெட்டு, கரையோரத்தில் வரும் நீள அலை. இரண்டையும் ஐந்து பேரோடும், டிக்கியில் ஒரு மூட்டை அரிசியோடும் தாங்க வேண்டும்.

ஸ்பிரிங்கையும் ஷாக்கையும் பலரும் ஒன்றாகவே நினைத்துக்கொள்கிறார்கள். வீட்டு ஊஞ்சலை நினைத்துக்கொண்டால் போதும். ஆட்டம் ஸ்பிரிங்கின் வேலை. காலைத் தரையில் தேய்த்து ஆட்டத்தை நிறுத்துகிறோமே, அது ஷாக்கின் வேலை. எடையைத் தாங்குவது ஸ்பிரிங். ஷாக் எடையைத் தாங்குவதில்லை, ஆட்டத்தை மட்டும் அடக்குகிறது. பாலம் தாண்டியதும் என் வண்டி மூன்று முறை எழும்பி அடங்கும். ஒரு தடவை எழும்பி அடங்கினால் சரி. மூன்று என்றால் தேய்க்கிற கால் இல்லை என்று அர்த்தம்.

ரப்பர் வளையத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் டெல்டாவில் அதிகம் விற்பது அதுதான். ஸ்பிரிங்கின் இரண்டு சுற்றுக்கு நடுவே ரப்பரையோ பாலியூரிதேனையோ செருகிவிடுவார்கள். அரை மணி நேர வேலை, சில ஆயிரம் ரூபாய். மாட்டியதும் வண்டி கொஞ்சம் உயரும், வேகத்தடையில் அடி தட்டுவது குறையும், ஆளுக்குச் சந்தோஷம். நானும் போட்டேன். முதல் வாரம் எனக்கும் சந்தோஷம்தான்.

உள்ளே நடப்பது வேறு. வளையம் பிடித்துக்கொண்ட சுற்றுகள் சரியாக அமுங்குவதில்லை. மீதிச் சுற்றுகளே எல்லா வேலையையும் பார்க்க வேண்டியிருக்கிறது. ஸ்பிரிங் விறைப்பாகிறது, விறைப்பான ஸ்பிரிங் இன்னும் வேகமாகத் திருப்பித் தள்ளும். அந்தத் தள்ளலை அடக்க வேண்டிய ஷாக் ஏற்கெனவே செத்துப்போனது. நடந்தது என்னவென்றால், முன்பு மெத்தென்று மூன்று முறை எழும்பிய வண்டி இப்போது வெடுக்கென்று எழும்பியது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த தடவை முன் சீட்டில் ஏறிக்கொண்டார்.

ஐந்து மாதம் கழித்துக் கழற்றியபோது பார்த்தது மறக்கவில்லை. வளையத்துக்கும் கம்பிக்கும் நடுவே சேறும் வைக்கோல் தூசியும் அரைத்த மாவு மாதிரி இறுகிக் கிடந்தன. விரலால் வழித்தால் அடியில் ஸ்பிரிங்கின் பெயின்ட் தேய்ந்து, பளபளவென்று கம்பி தெரிந்தது; ஓரத்தில் துருப் பிடிக்க ஆரம்பித்திருந்தது. நாகப்பட்டினம், வேளாங்கண்ணிப் பக்கம் தினமும் உப்புக் காற்றில் ஓடும் வண்டிக்கு இது இன்னும் சீக்கிரம் நடக்கும். துருப் பிடித்த இடத்தில்தான் ஸ்பிரிங் ஒடியும்.

அதற்காக வளையம் யாருக்குமே ஆகாது என்று சொல்லிவிட முடியாது. என் மச்சான் டாக்ஸி ஓட்டுகிறார். டிக்கியில் சிஎன்ஜி எரிவாயு சிலிண்டர் நிரந்தரமாக ஒரு ஆள் எடைக்கு உட்கார்ந்திருக்கிறது, வேளாங்கண்ணி சவாரிக்கு ஆளும் பெட்டியும் எப்போதும் நிறையும். அவர் வண்டியின் பின்பக்கம் எந்நேரமும் தொங்கும். பின்னால் மட்டும், நல்ல ஷாக்கோடு சேர்த்து, வளையம் போட்டிருக்கிறார், அது நியாயம். அதைவிட நல்லது ஸ்பிரிங்குக்குள் வைக்கும் காற்றுப் பை. லோடு ஏற்றும்போது காற்று ஏற்றலாம், காலி வண்டிக்குக் குறைக்கலாம். நம் பக்கம் சொல்லி வரவழைக்க வேண்டும், பராமரிப்பும் உண்டு. வாரத்தில் ஆறு நாள் ஒற்றை ஆளாக ஓட்டுகிறவருக்கு இரண்டுமே வேண்டாம்.

அக்கா பையனின் தாழ்த்தும் ஸ்பிரிங்கைப் பற்றி நாலு வரி போதும். அது வண்டியை மூன்று, நாலு சென்டிமீட்டர் இறக்கும். என் வண்டியின் தரை இடைவெளி நிறுவனக் கணக்கில் 170 மில்லிமீட்டர்; ஐந்து பேர் ஏறினால் அதுவே குறைகிறது. இங்கே ஊர் இளைஞர்கள் தாங்களே சிமென்டில் கட்டிய வேகத்தடைகள் இருக்கின்றன. தாழ்த்தின வண்டி அதன்மேல் உட்கார்ந்துவிடும், இறங்கித்தான் தள்ள வேண்டும். ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாகச் சேர்ந்து, உயரத்தைத் திருகித் திருகி மாற்றும்படி வரும் காயில்ஓவர் ரேஸ் ஓட்டுகிறவர்களின் பொருள். அதன் மரையில் நம் வயல் சேறு ஏறிக் காய்ந்தால் அப்புறம் எந்த ஸ்பேனருக்கும் அசையாது. நிறுவனம் கொடுத்த அமைப்பை மாற்றுவதற்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவும் குறுக்கே நிற்கிறது. விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பது அதைத்தான்.

உண்மையான போட்டி இரண்டு ஷாக்குகளுக்கு நடுவேதான். ஒன்று, வண்டியோடு வந்த மாதிரியே இரட்டைக் குழாய் ஷாக்; கேப்ரியல், கேஒய்பி, மன்ரோ என்று பல பெயரில் வருகிறது. இன்னொன்று ஒற்றைக் குழாய், பில்ஸ்டைன் மாதிரி.

இரட்டைக் குழாயில் பிஸ்டன் ஓடும் குழாயைச் சுற்றி இன்னொரு குழாய். எண்ணெய் இரண்டுக்கும் நடுவே போய்வரும். மேலே குறைந்த அழுத்தத்தில் நைட்ரஜன் அடைத்தால் அது 'கேஸ் ஷாக்'. தொடர்ந்து குலுங்கினால் எண்ணெய் சூடாகும், நுரை தட்டும், பிடிப்பு தளரும். கேஸ் அதைக் குறைக்கும், முழுக்க நிறுத்தாது. ஒற்றைக் குழாயில் எண்ணெய்க்கும் வாயுவுக்கும் நடுவே மிதக்கும் ஒரு தடுப்பு பிஸ்டன். வாயு அழுத்தம் மிக அதிகம். நுரைக்கு இடமில்லை. வெளியே தெரியும் குழாயே சிலிண்டர் என்பதால் சூடு நேராகக் காற்றுக்குப் போய்விடும்.

காகிதத்தில் பார்த்தால் ஒற்றைக் குழாய்தான் ஜெயிக்கிறது. திருச்சியில் அதைப் போட்டிருந்த ஒரு நண்பரின் வண்டியைத் தஞ்சாவூர்–விக்கிரவாண்டி நாலு வழிச் சாலையில் ஓட்டிப் பார்த்தேன். 100இல் போனாலும் தண்டவாளத்தில் போகிற மாதிரி இருந்தது. லேன் மாறும்போது உடம்பு சாயவே இல்லை. கும்பகோணத்தில் இறங்கி அரசலாற்றுக் கரைச் சாலையில் 35இல் விட்டேன். அங்கே ஒவ்வொரு சின்னக் கல்லும் கைக்குத் தெரிந்தது. சாலையின் நெளிவை எல்லாம் அது படித்துக் காட்டுகிறது. நாம் கேட்டது படித்துக் காட்ட இல்லை. கல் தெறித்து அந்தக் குழாய் நசுங்கினால் உள்ளே பிஸ்டன் சிக்கும் என்பது இன்னொரு பயம். இரட்டைக் குழாயில் வெளிக்குழாய் லேசாக நசுங்கினாலும் வேலை நடக்கும். எல்லா வண்டிக்கும் கிடைப்பதும் இல்லை. என் வண்டிக்குக் கேட்டபோது சொன்ன விலை, நாலு இரட்டைக் குழாய் ஷாக்கின் விலையைப் போல மூன்று மடங்குக்கு மேல்.

வாரத்தில் நாலு நாள் சென்னை போய்வருகிறவர் என்றால் நான் ஒற்றைக் குழாயைத்தான் சொல்வேன். ஊருக்குள்ளேயே வயலுக்கும் கோயிலுக்கும் சொந்தக்காரர் வீட்டுக்கும் போகிற குடும்ப வண்டிக்கு, நல்ல இரட்டைக் குழாய் கேஸ் ஷாக் போதும். நான் போட்டது அதுதான், வளையத்தைத் தூக்கி எறிந்துவிட்டு.

மெக்கானிக் பழையதைக் கழற்றித் தரையில் நிறுத்தி, "அமுக்கிப் பாருங்க" என்றார். தண்டைக் கீழே தள்ளினால் பாதி தூரம் கனமாக இறங்கி, நடுவில் சட்டென்று விட்டுக்கொடுத்து, அப்புறம் மறுபடி பிடித்தது. உள்ளே எண்ணெய் குறைந்து காற்று புகுந்திருக்கிறது என்றார். வெளியே ஒரு சொட்டுக் கசிவு இல்லை. பம்பரை அமுக்கிப் பார்க்கும் சோதனையில் இது தப்பித்துவிடும். பின்னால் ஸ்பிரிங் முழுக்க அமுங்கி அடி தட்டும்போது தாங்கும் ஸ்டாப்பர் ரப்பர் பொடிப்பொடியாக உதிர்ந்திருந்தது. "அடி தட்டுது" என்று நான் உயரம் தேடி அலைந்ததற்குக் காரணம் அந்தத் துண்டு ரப்பர்தான்.

நாலு ஷாக், அதை மேலே வண்டியோடு பிடித்திருக்கும் மவுண்ட், ஸ்டாப்பர், தூசி உறை, சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ் என்று சேர்த்துத்தான் மாற்றினோம். பழைய மவுண்ட்டையே போடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அதே கூலியை இரண்டாவது தடவை கொடுப்பீர்கள். முன் ஷாக் சக்கரத்தையும் சேர்த்துப் பிடித்திருப்பதால் சக்கரங்களை நேர்படுத்தும் அலைன்மென்ட் கட்டாயம். டயரில் காற்று ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அளவுக்கு இருக்கட்டும். பங்க்கில் பையன் இஷ்டத்துக்கு ஏற்றினால் எந்த ஷாக் போட்டும் பயனில்லை.

ஒன்றே ஒன்றுக்கு மட்டும் மெக்கானிக்கோடு வாக்குவாதம் செய்தேன். வண்டி லிஃப்ட்டில் ஏறிச் சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே புஷ் போல்ட்டை முழுக்க முறுக்கினால், இறக்கியதும் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே நின்று சீக்கிரம் கிழியும். சக்கரம் தரையில் பட்டு வண்டி தன் எடையில் நிற்கும்போதுதான் கடைசி முறுக்கு. "இத்தனை வருஷமா தூக்கி வச்சுத்தான் முறுக்குறேன் தம்பி" என்று முறைத்தார். அப்புறம் இறக்கி, அடியில் படுத்து, முறுக்கிவிட்டு எழுந்தார். அன்று சாயங்காலம் அம்மாவைப் பின் சீட்டில் உட்காரவைத்து மன்னார்குடி வரை போனேன். மூன்றாவது பாலத்தில் தூங்கிவிட்டார்.