புகை டெஸ்ட்டுக்கு முன் பட்டறையில் கார் விடுகிறீர்களா? கன்வர்ட்டரைப் போட்டோ எடுத்து வையுங்கள்

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பழைய பெட்ரோல் கார் வைத்திருப்பவர்கள் இதைப் பொறுமையாகப் படியுங்கள். கன்வர்ட்டர் என்பது புகைக் குழாயில் இருக்கும் பெட்டி, இன்ஜினிலிருந்து வரும் விஷக் காற்றைக் குறைப்பது அதுதான். எனக்குப் போனது 17,500 ரூபாய். பணத்தைவிட, அப்பா பதினைந்து வருடம் பார்த்துப் பார்த்து ஓட்டிய வண்டியை இப்படிச் செய்துவிட்டார்களே என்பதுதான் இன்னும் ஆறவில்லை.

எங்களுடையது 2009-இல் வாங்கிய மாருதி ஆல்டோ. டிஎன் 29 வண்டி. ஒகேனக்கல், தீர்த்தமலை, பெங்களூரில் அக்கா வீடு, எல்லாவற்றுக்கும் அதுதான். பதினைந்து வருடம் முடிந்ததால் ஆர்.சி. புதுப்பிக்க வேண்டி வந்தது. பிரேக் இன்ஸ்பெக்டரிடம் வண்டியைக் காட்ட வேண்டும், கையில் புகை சர்டிபிகேட்டும் இருக்க வேண்டும். சரி, அதற்கு முன்னால் ஒரு சர்வீஸ் பார்த்துவிடலாம் என்று சேலம் ரோட்டில் ஒரு பட்டறையில் விட்டேன். தெரிந்தவர் சொன்ன இடம்.

மெக்கானிக் ஆக்சிலேட்டரை இரண்டு முறை மிதித்துப் பார்த்துவிட்டு, "சார், கன்வர்ட்டர் அடைச்சிருக்கு. கழற்றி க்ளீன் பண்ணாம டெஸ்ட்ல நிக்காது" என்றார். 3,800 ரூபாய், இரண்டு நாள். நம்பினேன். பில் கேட்டதற்குக் காலண்டர் தாளின் பின்பக்கம் ஒரு தொகையை எழுதிக் கொடுத்தார். அதையும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

வண்டி வந்ததிலிருந்து சத்தம் கொஞ்சம் கூடியிருந்தது. "அடைப்பு எடுத்தாச்சு, அதான் ஃப்ரீயா இருக்கு" என்றார். தொப்பூர் மேட்டில் ஏறும்போதும் நன்றாகத்தான் இழுத்தது. அதனால் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

புகை டெஸ்ட்டில் ஃபெயில். பி.எஸ். 4 (பாரத் ஸ்டேஜ் என்ற புகை விதியின் நான்காம் கட்டம்) வருவதற்கு முந்தைய இந்த மாதிரி காருக்கு, ஐடிலிங்கில், அதாவது வண்டி நின்றபடி இன்ஜின் ஓடும்போது, கார்பன் மோனாக்சைடு 0.5 சதவீதத்துக்குள்ளும், எரியாத ஹைட்ரோகார்பன் 750 பிபிஎம்முக்குள்ளும் (பத்து லட்சத்தில் 750 பங்கு) இருக்க வேண்டும். எங்களுக்கு ஹைட்ரோகார்பன் 430, அது தப்பித்தது. கார்பன் மோனாக்சைடு 0.94. பட்டறைக்குத் திரும்பினேன். "ஆக்சிஜன் சென்சார் போயிருக்கு" என்று 4,200 வாங்கி மாற்றினார். மறுபடி டெஸ்ட், 0.91. அடுத்து இன்ஜின் வேலை என்று ஆரம்பித்தார். நான் தயங்கியதும் குரலைத் தாழ்த்தி, "ஆயிரத்து ஐந்நூறு குடுங்க சார், சென்டர்ல பேசி பாஸ் போட்டுத் தரேன்" என்றார்.

வேண்டாம் என்று வந்துவிட்டேன். பாஸ் என்று அச்சடித்த தாளை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அந்தக் குழாயிலிருந்து வருவது நிறமும் வாசமும் இல்லாத விஷக் காற்று. எங்கள் சந்தில் வண்டியை ஸ்டார்ட் செய்தால், பக்கத்து வீட்டுத் திண்ணையில் குழந்தைகள் உட்கார்ந்திருப்பார்கள்.

விஷயத்தைப் பிடித்தது அப்பாதான். இந்த வண்டிகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை புகை டெஸ்ட் எடுக்க வேண்டும். (பி.எஸ். 4-க்கும் அதற்குப் பின் வந்தவற்றுக்கும் ஒரு வருடம்.) எடுத்த தாள் ஒவ்வொன்றையும் அவர் ஃபைலில் போட்டு வைத்திருந்தார். அத்தனை தாளிலும் கார்பன் மோனாக்சைடு 0.15-க்கும் 0.22-க்கும் நடுவில்தான். கடைசியாக எடுத்தது 0.18. "சர்வீஸுக்கு விடறதுக்கு முன்னாடி 0.18, விட்டப்புறம் 0.94. அங்கதான் என்னமோ நடந்திருக்கு" என்றார்.

பாலக்கோட்டில் வயதான மெக்கானிக் ஒருவரிடம் ஃபைலோடு போனோம். அவர் எடுத்ததும் மைலேஜ் குறைந்ததா என்று கேட்டார். இல்லை என்றேன். இன்ஜினின் ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் காட்டினார். நுனி வெளிறிய காப்பி நிறத்தில் சுத்தமாக இருந்தது. "பெட்ரோல் அதிகமா போய் எரியாம இருந்தா இது கரி புடிச்சிருக்கும் தம்பி. இன்ஜின் மேல தப்பு இல்ல." அப்புறம் ஜாக்கி போட்டு அடியில் படுத்து, ஸ்பேனரின் பின்பக்கத்தால் கன்வர்ட்டர் பெட்டியைத் தட்டினார். காலி டின்னைத் தட்டின மாதிரி கணகணவென்று கேட்டது. என்னையும் குனிந்து பார்க்கச் சொன்னார். பதினைந்து வருடத் துருவுக்கு நடுவே, பெட்டியின் ஓரமாக ஒரு சாண் நீளத்துக்குப் புது வெல்டிங். மேலே சில்வர் பெயின்ட் அடித்திருந்தார்கள்.

வெட்டிப் பார்க்கும்போது வீடியோ எடுக்கச் சொன்னதும் அவர்தான். உள்ளே தேன்கூடு மாதிரி கண்கண்ணாக இருக்க வேண்டிய பீங்கான் கட்டி இல்லை. மூலையில் கொஞ்சம் சாம்பல் நிறத் துணுக்கு மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது.

அந்தக் கட்டியின் மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூச்சு இருக்கும். அளவு ரொம்பக் குறைவுதான், ஆனாலும் அதற்காகவே வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். இன்ஜினிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடைக் கார்பன் டை ஆக்சைடாக மாற்றுவது அந்தப் பூச்சுதான். அதை எடுத்துவிட்டால் வண்டி ஓடும், இழுக்கும், மைலேஜும் கொடுக்கும். சத்தம் கொஞ்சம் கூடுவதைத் தவிர, டெஸ்ட்டில் மட்டும்தான் தெரியும். ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: கன்வர்ட்டர் சீல் செய்த பெட்டி. அதைத் திறந்து க்ளீன் செய்வது எந்த சர்வீஸிலும் சேர்ந்ததில்லை. யாராவது அப்படிச் சொன்னால் அங்கேயே வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

பழைய பட்டறையில் போய்க் கேட்டேன். "பழைய வண்டி சார், உள்ள தானா உதிர்ந்து போயிருக்கும்" என்றார். வெல்டிங் எப்படி வந்தது என்றதற்குப் பதில் இல்லை. உள்ளே இருந்த பையன் தலை நிமிரவே இல்லை.

வேறு கன்வர்ட்டர் போட 9,500 ஆனது. பாலக்கோட்டு அண்ணன் கூலி வாங்க மறுத்தார், வற்புறுத்திக் கொடுத்தோம். டெஸ்ட்டுக்கு முன் இருபது நிமிடம் ஓட்டிவிட்டுப் போகச் சொன்னார். கன்வர்ட்டர் நன்றாகச் சூடேறினால்தான் வேலை செய்யுமாம். வீட்டு வாசலில் ஸ்டார்ட் செய்து அடுத்த தெரு சென்டருக்கு அப்படியே போய் நின்றால் நல்ல வண்டியும் ஃபெயில் ஆகலாம். காரிமங்கலம் வரை போய்த் திரும்பி வந்து நிறுத்தினேன். 0.16. ஆர்.சி.யும் புதுப்பித்தாகிவிட்டது.

வண்டியை விடுவதற்கு முன் அடியில் போனை நீட்டி, கன்வர்ட்டரும் அதன் ஓரங்களும் தெரிகிற மாதிரி தேதியோடு போட்டோ எடுங்கள். மெக்கானிக் பார்க்கும்படியே எடுங்கள். பெட்டியைக் கழற்ற வேண்டும் என்றால் நீங்கள் பக்கத்தில் இருக்கும்போதுதான். பழைய புகை சர்டிபிகேட்டைத் தூக்கிப் போடாதீர்கள். அந்த ஃபைல் இல்லாமல் இருந்திருந்தால் நான் இன்ஜின் வேலைக்கும் பணம் கட்டியிருப்பேன். சர்டிபிகேட் இல்லாமல் மாட்டினால் அபராதம் 10,000 ரூபாய் வரை போகும். அந்தப் பயத்தை வைத்துத்தான் ஃபெயில் ஆனவரிடம் அடுத்தடுத்துப் பணம் கறக்கிறார்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பேசினேன். மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில், நாம் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். முறையான பில் இல்லாதது எனக்குப் பலவீனம்தான். காலண்டர் தாள், ஜி-பே விவரம், வீடியோ, அப்பாவின் ஃபைல், வெட்டின காலிப் பெட்டி, இவ்வளவும் இருக்கின்றன. திங்கட்கிழமை அப்பாவும் நானும் மனு கொடுக்கப் போகிறோம்.