ரைசன் 5 5600, ஆர்எக்ஸ் 6600: குறைந்த பட்ஜெட் கேமிங் பிசி, ஒரு வருடம் ஓட்டிப் பார்த்த பிறகு

பிராசசர் ரைசன் 5 5600, கிராபிக்ஸ் கார்டு ரேடியான் ஆர்எக்ஸ் 6600, பி550 மதர்போர்டு, 8 ஜிபி டிடிஆர்4 ரேம் இரண்டு. ஒரு வருடமாகத் தினமும் ஓடுகிற மெஷின் இது. 1080பி மானிட்டரில் விளையாடினால் போதும், காசை எண்ணித்தான் செலவு பண்ண வேண்டும் என்கிறவர்கள் இந்த ஜோடியைத் தயங்காமல் எடுக்கலாம். ஆனால் கூட வாங்குகிற சின்னச் சாமான்களில் கோட்டை விட்டால் இந்த இரண்டும் நல்லதாக இருந்தும் பிரயோஜனம் இல்லை, எனக்கு நடந்ததும் அதுதான்.

முதலில் கார்டு. 2021 இல் வந்தது, 8 ஜிபி நினைவகம், 132 வாட்தான் இழுக்கும், ஒரே ஒரு 8 பின் கேபிள் போதும். அதிக செட்டிங்கில் பெரும்பாலான கேம்கள் வழுக்கிக்கொண்டு ஓடுகின்றன. ஒளியையும் நிழலையும் நிஜம் போலக் காட்டுகிற ரே டிரேசிங்கைப் போட்டால் மூச்சு வாங்குகிறது, அதற்காக இதை வாங்காதீர்கள். புதிய கேம்களில் டெக்ஸ்ச்சரை, அதாவது பரப்புகளின் பட நுணுக்கத்தை, உச்சத்தில் வைத்தால் 8 ஜிபி பற்றாமல் போகிறது, ஒரு படி இறக்கினால் சரியாகிவிடும். இதற்குக் கீழே காசு மிச்சம் பிடிக்கலாம் என்று 6500 எக்ஸ்டி கார்டு பக்கம் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: அதில் 4 ஜிபி மாடல்தான் பரவலாகக் கிடைக்கும், கார்டுக்கும் மதர்போர்டுக்கும் நடுவே தகவல் போகிற பாதையான பிசிஐஇ லேனும் நாலே நாலு. பழைய பிசிஐஇ 3.0 போர்டில் செருகினால் வேகம் நன்றாகவே அடி வாங்கும். 6600க்கு எட்டு லேன் இருப்பதால் அந்தக் கவலை பெரிதாக இல்லை.

பிராசசரில் 6 கோர், 12 திரெட், உள்ளேயே இருக்கிற வேக நினைவகமான எல்3 கேஷ் 32 எம்பி. பெயரில் நூறுதான் குறைவு என்று நினைத்து ரைசன் 5 5500 எடுத்துவிடாதீர்கள், அதில் கேஷ் பாதிதான், கேம்களில் அந்த வித்தியாசம் தெரியும். டப்பாவிலேயே கூலர் வருகிறது, சத்தம் கொஞ்சம் உண்டு, ஆனால் சூட்டைச் சமாளிக்கிறது. இதில் உள்ளமைந்த கிராபிக்ஸ் கிடையாது. அதனால் மானிட்டர் கேபிளைக் கார்டில்தான் செருக வேண்டும், மதர்போர்டில் செருகினால் திரை கறுப்பாகவே இருக்கும்.

ரேமில் 16 ஜிபி ஒரே ஸ்டிக்காக வாங்க வேண்டாம், 8 ஜிபி இரண்டாக வாங்குங்கள். ரேமுக்கும் பிராசசருக்கும் இடையே உள்ள இரண்டு சேனலும் வேலை செய்தால்தான் பிராசசருக்குத் தீனி போதும். நாலு ஸ்லாட் போர்டு என்றால் பெரும்பாலும் பிராசசர் பக்கமிருந்து இரண்டாவது, நாலாவது ஸ்லாட்டில் செருகி, டக் என்று சத்தம் கேட்கிற வரை அழுத்த வேண்டும். அப்புறம் மதர்போர்டின் செட்டிங் திரையான பயாஸில், ரேமை அதன் முழு வேகத்தில் ஓட வைக்கிற எக்ஸ்எம்பியை ஆன் செய்யுங்கள். அதை மறந்தால் 3200 என்று அச்சடித்த ரேம் 2133லோ 2400லோ நொண்டிக்கொண்டிருக்கும், டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்க்கும் வரை தெரியவே தெரியாது.

இப்போது எஸ்எம்பிஎஸ், அதாவது பிசிக்கு மின்சாரம் கொடுக்கிற பெட்டி. நான் ஏமாந்தது இங்கேதான். கேபினட் கூடவே ஒன்று வந்தது, ‘450 வாட்’ என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது, கையில் தூக்கினால் காலி டப்பா மாதிரி கனமே இல்லை. டெஸ்க்டாப்பில் ஒரு குறையும் இல்லை, பிரவுசர் ஓடும், படம் ஓடும். கேம் லோட் ஆகிக் கார்டு விசிறி வேகம் எடுக்கிற அந்த நொடியில் டிக் என்று ஒரு சத்தம், மொத்தமும் அணைந்துவிடும். டிரைவரை மாற்றினேன், விண்டோஸைப் புதிதாகப் போட்டேன், ரேமைக் கழற்றி மாட்டினேன், இப்படியே இரண்டு வாரம் போனது. கடைசியில் பக்கவாட்டு லேபிளைப் படித்தால் 12 வோல்ட்டுக்கு நேராக 18 ஆம்பியர். கார்டும் பிராசசரும் பெரும்பாலும் இழுப்பது இந்த 12 வோல்ட்டிலிருந்துதான், பெருக்கிப் பாருங்கள், 216 வாட். கார்டுக்கு 132, பிராசசருக்கு 65, அங்கேயே 197 வந்துவிட்டது, விசிறி, எஸ்எஸ்டி எல்லாம் தனி, கார்டு கண நேரத்துக்கு இழுக்கிற உச்சத்தையும் சேர்த்தால் அது எப்படித் தாங்கும்? நல்ல 550 வாட் ஒன்று மாட்டினேன், அன்றிலிருந்து ஒரு தடவைகூட அணையவில்லை.

அதனால் எஸ்எம்பிஎஸ் வாங்கும்போது முன்பக்க எண்ணை விட்டுவிட்டு 12 வோல்ட் வரியைப் படியுங்கள். 80 பிளஸ் முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகாமல் வருகிறது என்பதைத்தான் சொல்லும், உள்ளே இருக்கிற பாகங்களின் தரத்துக்கு அது உத்தரவாதம் இல்லை. காசு இடிக்கிறதா, கண்ணாடி கேபினட்டையும் கலர் லைட்டையும் விடுங்கள், முன்பக்கம் காற்று போக வலை இருந்தால் போதும். எஸ்எஸ்டியில் வேகமான ரகமான என்விஎம்இ, 1 டிபி, எதுவானாலும் கேமுக்கு ஓகே.

போர்டு விஷயத்தில் எனக்கு முழுத் திருப்தி. பிராசசர் உட்காருகிற இடம் ஏஎம்4 சாக்கெட் என்பதால், பிராசசர் பற்றாமல் போகிற நாளில் இன்னும் வேகமான ரைசன் 7 5700எக்ஸ்3டி கிடைத்தால் பயாஸை அப்டேட் செய்துவிட்டு இதே போர்டில் உட்கார வைத்துவிடுவேன், கூலர் மட்டும் தனியாக வாங்க வேண்டியிருக்கும்.