பைபர் படகின் பின்பலகையை மாற்றி ஆறு வருடம்: என் அனுபவம்

2019 சித்திரையில் என் படகின் பின்பலகையை முழுசாகப் பெயர்த்துப் புதிதாக வைத்தேன். ஆறு வருடம் ஓடிவிட்டது. நாகப்பட்டினம் பக்கம் இதே வேலையைத் தள்ளிப் போட்டுக்கொண்டிருக்கும் தம்பிமார் பலர் கேட்பதால் எழுதுகிறேன்.

சுனாமிக்குப் பிறகு, 2006-ல் வார்த்த படகு. பைபர் அழுகாதுதான். ஆனால் பின்பலகையில் மோட்டாரைத் தாங்குவது இரண்டு பைபர் தோலுக்கு நடுவே இருக்கிற பிளைவுட். 2018 நவம்பரில் கஜா அடித்தபிறகு படகு விழுந்த தென்னைகளுக்கு நடுவே கிடந்தது. மழைத்தண்ணீர் வாரக்கணக்கில் தேங்கி நின்றது. மரத்துக்குக் கடல் தண்ணீரைவிட மழைத்தண்ணீர்தான் எமன். உப்பு பூஞ்சணத்தை ஓரளவு அடக்கும், நல்ல தண்ணீர் வளர்த்துவிடும். மறுபடி தொழிலுக்கு இறங்கியபோது, வேகம் கூட்டினால் மோட்டாரோடு பலகையும் அசைந்தது. கிளாம்பு இறுக்க இறுக்க உள்ளே போய்க்கொண்டே இருந்தது.

முதலில் ஒரு மெக்கானிக் சொன்னபடி அலுமினியத் தகடு வைத்து நாலு போல்ட் முடுக்கினோம். இரண்டு மாதம்கூடத் தாங்கவில்லை. தண்ணீருக்கு நாலு புது வழி திறந்துவிட்டதுதான் மிச்சம்.

பிறகுதான் சுத்தியலால் தட்டிப் பார்த்தோம். ஓரத்தில் டக் டக் என்றது, நடுவில் பொத்தென்றது. உள்பக்கம் 6 மி.மீ. ட்ரில் போட்டால் தூள் பறக்கவில்லை, காபி மண்டி மாதிரி பிட்டிலேயே அப்பிக்கொண்டது. உருவியதும் பழுப்புத் தண்ணீர் இழையாக இறங்கியது. டீ குடித்துவிட்டு வந்து பார்த்தபோதும் நிற்கவில்லை. ஊறல் போட்ட தேங்காய் மட்டை வாசனை.

வெளித்தோலைத் தொடவில்லை. உள்தோலைச் சுற்றிலும் 3 அங்குலம் விட்டுக் கிரைண்டரால் அறுத்து, அழுகலை உளியால் சுரண்டி எடுத்தோம். அப்புறம் ஒன்பது நாள் காயவிட்டேன். பகலில் திறந்து வைத்து, சாயங்காலம் பனி இறங்குமுன் தார்ப்பாய் போட்டு மூடினேன். எல்லாரும் அவசரப்படுவது இந்த இடத்தில்தான். ஈர மரத்தில் எந்த ரெசினும் (பைபரை ஒட்டி இறுக வைக்கும் பசை) பிடிக்காது.

நம் கரையில் எல்லாரும் பாலியஸ்டர் ரெசின்தான் போடுவார்கள். மரத்தில் அது எபாக்ஸி என்ற இன்னொரு ரெசின் அளவுக்கு ஒட்டாது, நாள்பட்டால் தோல் தனியாகப் பெயரும். எபாக்ஸி விலை பல மடங்கு. ஆனாலும் பின்பலகைக்கு அதைத்தான் சொல்வேன். ஒன்றைக் கவனியுங்கள். சாதா மேட்டில் (வெட்டிய கண்ணாடி இழைகளைப் பரப்பி ஒட்டிய விரிப்பு) இழைகளைப் பிடித்திருக்கும் பசை பாலியஸ்டரில் உள்ள ஸ்டைரீனில் கரைவதுபோல் எபாக்ஸியில் கரையாது, மேட் விறைத்து நிற்கும். அதனால் நெய்த துணி வாங்கினேன். எபாக்ஸி காய்ந்தபின் அதன்மேல் பாலியஸ்டரும் சரியாக ஒட்டாது, எதில் தொடங்கினீர்களோ அதிலேயே முடியுங்கள். சித்திரை வெயிலில் அரை கிலோ எபாக்ஸியை ஒரே குவளையில் கலந்தேன், பத்து நிமிடத்தில் புகை வந்து கட்டியாகிப்போனது. அதன்பிறகு விடியற்காலையில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கலந்தேன்.

ஐ.எஸ். 710 முத்திரை போட்ட 18 மி.மீ. மரைன் பிளைவுட் இரண்டை ஒட்டி வைத்தேன். 72 மணி நேரம் கொதிநீரில் போட்டுச் சோதிக்கிற ரகம். அதில் உறுதி சொல்வது பசைக்கு. ஈரம் உள்ளேயே நின்றால் அந்த மரமும் கெடும். அதனால் வெட்டு விளிம்புகளில் மூன்று கை எபாக்ஸி பூசினேன்.

இத்தனை வருடம் காப்பாற்றியது போல்ட் ஓட்டைகளில் செய்த வேலைதான். 12 மி.மீ. போல்ட்டுக்கு முதலில் 20 மி.மீ. துளை போட்டு, எபாக்ஸி மக்கை (புட்டியை) நிரப்பி, காய்ந்தபின் அதன் நடுவில் 12-ஐத் துளைத்தேன். போல்ட்டைச் சுற்றி ஒரு வளையம் நிற்கிறது, தண்ணீர் இறங்கினாலும் மரத்தைத் தொடாது. போன மாதம் போல்ட்டை உருவிவிட்டுத் துளைக்குள் வெள்ளைத் துணியைத் திருகி எடுத்தேன், கறை இல்லை.

ஒரு இடத்தில் தவறினேன். தண்ணீர் வடிகிற ஓட்டையைப் பிறகு அவசரமாகப் போட்டு, வெறும் சிலிக்கான் தடவி விட்டுவிட்டேன். 2023-ல் தட்டியபோது அதைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்குப் பொத்தென்றது. அந்த அளவு மட்டும் தோண்டி, காயவைத்து, மற்ற துளைகளைப் போலவே வளையம் கட்டினேன். இன்றைக்கு அதுவும் கெட்டியாகச் சத்தம் கொடுக்கிறது.

ஐப்பசி பிறக்குமுன் ஒவ்வொரு வருடமும் சுத்தியலோடு ஒரு சுற்று வருகிறேன். கரையேற்றினால் அணியத்தை (முன்பக்கத்தை) ஒரு முழம் உயர்த்தி, தண்ணீர் வடிகிற ஓட்டையின் அடைப்பைக் கழற்றி வைக்கிறேன், மழை பெய்யப் பெய்ய வடிந்துவிடும்.