எம்1 கேரண்டும் நானே நிரப்பிய தோட்டாக்களும்: நான்கு ஆண்டு அனுபவம்

நான்கு ஆண்டுகளாக எம்1 கேரண்ட் என்னும் பழைய அமெரிக்கத் தானியங்கி மீள்நிரப்பு ரைபிளில் குறி சுட்டுப் பழகி வருகிறேன். தோட்டாக்களை வீட்டுப் பட்டறையில் நானே நிரப்பிக்கொள்கிறேன். முதல் ஆண்டில் என்னைத் தூங்கவிடாத தொல்லை, சுட்ட தோட்டாவின் பித்தளை உறை சரியாக வெளியேறாததுதான். எட்டுத் தோட்டாக் கிளிப்பில் ஒன்றிரண்டு உறைகள், குழலின் பின்புறத்தை மூடித் திறக்கும் போல்ட்டின் முன்னால் குறுக்கே சிக்கின; மற்றவை காலடியிலேயே சோர்ந்து விழுந்தன. அதே ரைபிள், கடையில் வாங்கிய ஆலைத் தோட்டா உறைகளை வலப்புறம் முன்னால் வீசியெறிந்தது.

வெடிமருந்தைக் கூட்டிப் பார் என்று பலர் சொன்னார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். குழல் முனைக்கு அருகிலுள்ள துளை வழியே வரும் வாயுதான், போல்ட்டைத் திறக்கும் தண்டான ஆப்பரேட்டிங் ராடைப் பின்னுக்குத் தள்ளுகிறது. மிக மெதுவாக எரியும் மருந்தோ, அளவு மீறிய மருந்தோ அங்கே அழுத்தத்தை ஏற்றி அந்த நீண்ட தண்டையே வளைத்துவிடும். 1936இல் அமெரிக்க ராணுவம் ஏற்ற துப்பாக்கி இது. இன்றைய கனமான வேட்டைத் தோட்டாக்களுக்காக வடிவமைக்கப்பட்டதல்ல. நான் ஐஎம்ஆர் 4895 மருந்தையும் 150 கிரெய்ன் (ஏறத்தாழ 9.7 கிராம்) குண்டையும் விட்டு நகர்ந்ததே இல்லை. மருந்தின் அளவை, கேரண்டுக்கெனத் தனிப் பட்டியல் தரும் கையேட்டிலிருந்து மட்டுமே எடுக்கிறேன்.

உண்மையான காரணம் உறையின் தோள்பட்டையில், அதாவது உறை கழுத்தை நோக்கிக் குறுகும் சரிவில் இருந்தது. என் உறைகளில் பாதி, கையால் போல்ட்டை இயக்கும் நண்பரின் போல்ட்-ஆக்ஷன் ரைபிளில் சுடப்பட்டு, அதன் அறைக்கேற்ப விரிந்தவை. அதில் கைப்பிடியை அழுத்தித் திறப்பதால் இறுக்கமான உறையும் கழன்று வந்துவிடும். கேரண்டுக்கு அந்தக் கைபலம் இல்லை. உறையைப் பிடுங்குவதிலேயே போல்ட் வேகத்தை இழந்துவிடுகிறது. உறையின் விளிம்பில், அதைப் பிடுங்கும் கொக்கியான எக்ஸ்ட்ராக்டர் கீறிய தடத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு இது புலப்பட்டது. உறையைப் பழைய அளவுக்கு அமுக்கும் அச்சான டையைச் சிறுகச் சிறுக இறக்கி, தோள்பட்டையை அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு பின்தள்ளினேன். இன்று ஒவ்வோர் உறையையும் நீளம் சரிபார்க்கும் அளவுக்கூட்டில் போட்டுப் பார்க்காமல் நிரப்புவதில்லை. உறையின் அடியில் தீப்பற்ற வைக்கும் பிரைமரையும் விரலால் தடவிப் பார்க்கிறேன்: கேரண்டில் பிரைமரை அடிக்கும் ஊசி தளர்வாக நகர்வது, ஆகவே துருத்தி நிற்கும் பிரைமர் போல்ட் மூடும்போதே வெடிக்கக்கூடும்.

மூன்றாம் ஆண்டில் தொல்லை திரும்பியது. இம்முறை ஆலைத் தோட்டாவும் சோர்ந்து விழுந்தது. ஆகவே குற்றம் தோட்டாவில் இல்லை. வாயு உருளையின் முனைத் திருகு தளர்ந்திருந்தது. ஆப்பரேட்டிங் ராடை முன்னுக்குத் தள்ளும் சுருள்வில்லும் 19 அங்குலத்துக்குக் கீழே குறுகியிருந்தது. வில்லைக் கழற்றி ரைபிளைச் சாய்த்தேன். ராட் தன் எடையிலேயே வழுக்கி ஓட வேண்டும், என்னுடையது நடுவில் உரசி நின்றது. பழைய கிரீஸ் கெட்டிப்பட்டிருந்தது. புது வில், புது கிரீஸ், இறுக்கிய திருகு, அன்று மாலையே உறைகள் பழைய இடத்தில் குவிந்தன.

இப்போது பயிற்சிக்குக் கிளம்பும்போது பையில் ஆலைத் தோட்டாக் கிளிப் ஒன்றைத் தவறாமல் வைத்துக்கொள்கிறேன். உறை எங்காவது சிக்கினால் முதலில் அதைத்தான் சுட்டுப் பார்க்கிறேன்.